நிலைத்த விழியும் தீட்டிய அரிசியும்: வேர்னிக்கே நோயின் வரலாறு

ஒரு பொருளை நோக்க விரும்புகின்றோம். விரும்பிய கணத்திலேயே இரு விழிகளும் ஒருங்கே திரும்பி அப்பொருளின்மீது பதிகின்றன. இச்செயலிலே நாம் எவ்வித முயற்சியையும் உணர்வதில்லை. ஆயினும், வலக்கண்ணின் தசைகள் ஆறும் இடக்கண்ணின் தசைகள் ஆறும் ஒன்றுக்கொன்று அளவொத்து இழுத்தும் நெகிழ்ந்தும் கொடுத்தாலன்றி இது நிகழாது. ஓர் இம்மியளவு பிசகினும் ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். உலகம் ஆடுவது போலக் காணப்படும்.

இப்பன்னிரு தசைகளையும் ஆளும் அரசிருக்கை மூளைத்தண்டாகும். பெருமூளைக்கும் முண்ணாணுக்கும் இடையே, ஏறத்தாழப் பெருவிரற் பருமனாக அமைந்துள்ள இத்தண்டிலே ஊறு நேரின் விழியியக்கம் கெடும். கெட்ட இயக்கத்தின் தன்மையை நோக்கியே ஊறு நேர்ந்த இடத்தை வைத்தியர் சுட்டிவிடுவர். இவ்வாற்றல் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவம் பெற்ற பெருவெற்றிகளுள் ஒன்று. ஆனால், நோய் எங்கே உளது என்று அறிதல் வேறு. ஏன் வந்தது என்று அறிதல் வேறு. மூளைத்தண்டின் ஒரு நோயிலே, இடத்தை அறிந்த நாளுக்கும் காரணத்தை அறிந்த நாளுக்கும் இடையே அறுபது ஆண்டுகள் கழிந்தன. அவ்வறுபது ஆண்டுகளிலும் நோயாளரைக் காத்திருக்கக்கூடிய மருந்து தவிட்டோடு வீசப்பட்டுக் கிடந்தது. அந்நோயின் வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழியை ஆளும் அமைப்பு

வரலாற்றினுட் புகுமுன் உறுப்பின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். கண்ணின் தசைகளுக்கு மூன்று சோடி நரம்புகள் செல்கின்றன. தலையினின்று புறப்படும் நரம்புகளை எண்ணிட்டு வழங்கும் முறைப்படி இவை மூன்றாம், நான்காம், ஆறாம் நரம்புகள் எனப்படும். மூன்றாம், நான்காம் நரம்புகளின் கருக்கள் மூளைத்தண்டின் மேற்பகுதியாகிய நடுமூளையிலும், ஆறாம் நரம்பின் கரு அதன் கீழுள்ள மூளைப்பாலத்திலும் அமைந்துள்ளன. ஆறாம் நரம்பு கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் தசையொன்றையே இயக்குவது. வலப்புறம் நோக்குங்கால் வலக்கண்ணின் வெளித்தசையும் இடக்கண்ணின் உட்டசையும் ஒருங்கே இயங்குதல் வேண்டுமாதலின், ஆறாம் நரம்பின் கருவையும் மறுபக்கத்து மூன்றாம் நரம்பின் கருவையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றையொன்று தண்டின் நடுவே நீள ஓடுகின்றது. தலை அசையும்போது பார்வை அசையாதிருக்கச் செய்யும் சமநிலைக் கருக்களும் இவற்றின் அண்மையிலேயே உள்ளன.

இக்கருக்கள் யாவும் ஒரு சிறு நீர்க்காலின் கரையோரத்தில் அமைந்தவை. மூளையினுள்ளே தெளிந்த நீர் நிறைந்த அறைகள் நான்கு உள. மூன்றாம் அறையையும் நான்காம் அறையையும் இணைக்கும் ஒடுங்கிய வாய்க்கால் நடுமூளையினூடே செல்கின்றது. அவ்வாய்க்காலைச் சூழ்ந்தும், நான்காம் அறையின் தரையிலும், சாம்பனிறப் பொருளாக விழியின் கருக்கள் கிடக்கின்றன. இவ்வமைப்பை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்வரும் வரலாறு முழுவதும் இந்நீர்க்காலின் கரையிலேயே நிகழ்வதாகும்.

இடத்தைக் கண்ட காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, பிரான்சிய வைத்தியர் உயிருள்ளபோது கண்ட குறியையும் இறந்தபின் மூளையிற் கண்ட ஊற்றையும் ஒப்புநோக்கும் முறையைப் பெரிதும் வளர்த்தனர். மூளைப்பாலத்தின் ஒருபுறத்தே ஊறு நேரின் இரு கண்களும் அப்புறம் திரும்பமாட்டா என்பதை 1858 இல் போவில் என்பார் விளக்கினார். விழிகள் மேல்நோக்க இயலாத நிலையைப் பற்றிப் பரினோ என்பார் 1880 களில் எழுதினார். இன்றும் இக்குறிகள் அவ்வறிஞர்களின் பெயராலேயே வழங்குகின்றன.

இவ்வழியிலே வந்தவரே காள் வேர்னிக்கே என்னும் ஜேர்மானியர். 1848 இற் பிறந்த இவர், தம் இருபத்தாறாம் வயதிலேயே, பிறர் பேச்சின் பொருளை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் மூளையின் எப்பகுதியைச் சார்ந்தது என நிறுவி அறிஞருலகின் மதிப்பைப் பெற்றவர். மூளை நோய்களைப் பற்றி இவர் எழுதிய பாடநூல் 1881 ஆம் ஆண்டு தொடக்கம் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதிலே மூன்று நோயாளரின் வரலாறுகளை அவர் பதிவு செய்தார்.

மூவரில் இருவர் மிகுதியாக மது அருந்திய ஆடவர். மூன்றாமவர் தையற்றொழில் செய்த இருபது வயது நங்கை. இவர் சல்பூரிக்கமிலத்தை அருந்தினார். உயிர் தப்பினாராயினும், இரைப்பையின் வாயில் புண்பட்டுச் சுருங்கிற்று. உண்டதெல்லாம் வாந்தியாயிற்று. வாரங்கள் சில கழிந்தபின், ஆடவர் இருவரிடத்துங் காணப்பட்ட அதே குறிகள் இவரிடத்தும் தோன்றின. விழிகள் திரும்பும் ஆற்றல் படிப்படியாகக் குன்றிற்று, நடை தள்ளாடிற்று, அறிவு மயங்கிற்று. மூவரும் இறந்தனர். மூளையை அறுத்து நோக்கியபோது, மூன்றாம் நான்காம் மூளையறைகளின் சுவரிலும் அவற்றை இணைக்கும் நீர்க்காலைச் சூழ்ந்தும், ஊசிமுனையளவான இரத்தப் புள்ளிகள் செறிந்து கிடந்தன.

விழிகள் ஏன் நிலைத்தன என்னும் வினாவுக்கு இதனால் விடை கிடைத்தது: விழியின் கருக்கள் இருக்குமிடத்திலேயே இரத்தம் கசிந்திருந்தது. இதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1875 இல், லியோன் நகரத்துக் கண் வைத்தியர் கையே என்பாரும் இத்தகைய ஒரு நோயாளரைப் பற்றி எழுதியிருந்தார். ஆயின், மூன்று குறிகளையும் ஒன்றாகத் தொகுத்து, ஒரு தனி நோயாக நிறுத்தியவர் வேர்னிக்கேயே. நோய் அவர் பெயரையே பெற்றது.

கேளாது விடப்பட்ட சாட்சி

இடத்தைச் சரியாகக் கண்ட வேர்னிக்கே, நோயின் இயல்பைக் கூறுமிடத்து வழி தவறினார். இரத்தப் புள்ளிகளைக் கண்ட அவர் இதனை ஒரு கொடிய அழற்சியெனக் கருதி, அப்பொருள்படவே நீண்ட இலத்தீன் பெயரொன்றைச் சூட்டினார். ஒரு பொருளுக்கு இடும் பெயர் சிந்தனையை நெறிப்படுத்துவது, சிலவேளை சிறைப்படுத்துவதுமாம். அழற்சியென்று பெயரிட்டபின், அதனை மூட்டும் நஞ்சு யாது என்று தேடுதலே முறையாகத் தோன்றிற்று. மூவரில் இருவர் மது அருந்தியவராதலின் அந்நஞ்சு மதுவே எனப் பலரும் துணிந்தனர்.

சில ஆண்டுகளின்பின், 1887 தொடக்கம், மொஸ்கோ நகரத்து வைத்தியர் கொர்சக்கோவ் வேறொரு நிலையை விவரித்தார். அவர் கண்ட நோயாளர் பழைய நிகழ்ச்சிகளை ஓரளவு நினைவுகூர்ந்தனர். ஆனால், சற்றுமுன் நடந்ததை அறவே மறந்தனர். மறந்த இடைவெளியைத் தாம் அறியாமலே கற்பனையால் நிரப்பிப் பேசினர். அவர்களுட் பலரும் மதுப் பழக்கமுடையோராயிருந்தனர். வேர்னிக்கே கண்ட விழிநோயும் கொர்சக்கோவ் கண்ட மறதி நோயும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்பது பிற்காலத்திலேயே தெளிவாயிற்று. மதுவே காரணம் என்னும் எண்ணத்தை இஃது மேலும் வலுப்படுத்திற்று.

ஆயின், தையற்றொழில் செய்த நங்கையின் வரலாறு எங்ஙனம் பொருந்தும்? அவருடைய நோய்க்கு முன்னோடியாக நின்றது மதுவன்று, வாந்தி. மதுவில் மூழ்கியோர் உணவை நாடுவதில்லை. அவர் உணவை நாடியும் கொள்ள இயலாதிருந்தார். மூவருக்கும் பொதுவாயிருந்தது ஒன்றே: உடலுக்கு உணவு சேராமை. உண்மையைச் சொல்லவல்ல சாட்சி நூலின் ஏட்டிலேயே இருந்தும், அச்சாட்சியை வினவுவார் இலராயினர். உணவிலுள்ளதொரு பொருளின் குறைவால் நோய் வரலாம் என்னும் கருத்தே ஐரோப்பிய மருத்துவத்தில் அன்று வேரூன்றியிருக்கவில்லை. நோயென்றால் நஞ்சு அல்லது கிருமி உண்டு என்றே அக்காலம் நினைத்தது.

கீழைத்தேயத்து ஆராய்ச்சி

விடை பேர்லினுக்கு வெகு தொலைவிலே, அரிசியுண்ணும் நாடுகளில் உருவாகிக்கொண்டிருந்தது. அந்நாடுகளிற் பரவியிருந்த பெரிபெரி என்னும் நோயினால் கால்கள் வலுவிழந்து வீங்கின, இதயம் தளர்ந்தது, பல்லாயிரவர் மாண்டனர். இயலாது, இயலாது எனப் பொருள்படும் சிங்களச் சொல்லடுக்கே இந்நோய்க்குப் பெயராயிற்று என்பார் பலர்.

டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த யாவாத் தீவின் பற்றேவியா நகரில், எய்க்மன் என்னும் இளம் வைத்தியர் இந்நோய்க்குரிய கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். 1889 இல் அவருடைய ஆய்வுகூடத்துக் கோழிகள் காலிழந்து தள்ளாடி வீழ்ந்தன. சில மாதங்களின்பின் தாமாகவே குணமடைந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, படையினர் வைத்தியசாலையின் சமையற்கூடத்தில் மிஞ்சிய, தீட்டிய வெள்ளையரிசிச் சோறே கோழிகளுக்கு இடப்பட்டு வந்ததென்பதும், புதிதாக வந்த சமையற்காரர் படையினருக்குரிய சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்ததும் நோய் நீங்கிற்றென்பதும் தெரிந்தன. தவிடு நீக்கிய அரிசி நோய் தந்தது. தவிட்டோடு கூடியது நோய் தீர்த்தது.

இது மனிதருக்கும் பொருந்துமா என அறிய, வோடர்மன் என்பார் யாவாவிலும் மதுராவிலுமுள்ள 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்து 1897 இல் முடிவை வெளியிட்டார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளிலே 39 பேருக்கு ஒருவர் பெரிபெரிக்கு ஆளாயினர். தவிடு நீங்காத அரிசி வழங்கிய சிறைகளிலோ 10,000 பேருக்கு ஒருவரே ஆளாயினர். ஆயினும் எய்க்மன்கூட, அரிசியில் நஞ்சுண்டு, தவிட்டில் முறிப்புண்டு என்றே முதலில் விளக்கங் கூறினார். அவர் பணியைத் தொடர்ந்த கிறைன்சு என்பாரே, நரம்புகளுக்கு இன்றியமையாத ஒரு பொருள் தீட்டிய அரிசியில் இல்லாமையே காரணம் என்று 1901 இல் துணிந்து உரைத்தார்.

இவ்விடத்தில் நம்மவரோடு தொடர்புடைய செய்தியொன்று குறிப்பிடத்தக்கது. மலாயாவில் வைத்தியராயிருந்த பிறாடன் என்பார், அங்கு வாழ்ந்த மக்களுள் வெள்ளைப் பச்சையரிசியுண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியாற் பெரிதும் மடிய, தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே அணுகியதைக் கண்டார். தமிழர் உண்டது புழுங்கலரிசி. இவ்வாராய்ச்சியை அவர் 1907 இல் நூலாக வெளியிட்டார். கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் பிளெச்சர் என்பார் 1905 இல் இதனைச் சோதனையாகவே நடத்தினார். பச்சையரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட பிரிவில் ஒருவரும் அந்நோயால் இறந்திலர். நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே சென்று உறைகின்றது. பின்னர் தீட்டினும் அப்பகுதி நீங்குவதில்லை. நெல் அவித்து, உலர்த்தி, குற்றி உண்ட நம் மூதாட்டியர் இவ்விளக்கத்தை அறிந்திலர். அதன் பயனைத் துய்த்தனர்.

அச்சத்தைத் தனியே பிரித்தெடுக்க உலகெங்கும் முயன்றனர். இலண்டனில் ஆய்வு செய்த வூங்கு என்பார் 1912 இல் இத்தகைய பொருள்களுக்கு விற்றமின் என்னும் இனப்பெயரை வழங்கினார். 1926 இல் பற்றேவியாவிலேயே யான்சன், டொனாத் என்னும் இருவர் தவிட்டிலிருந்து அதனைப் பளிங்குருவிற் பெற்றனர். அதன் இரசாயன அமைப்பை விளக்கி, 1936 இல் செயற்கையாகவே ஆக்கிக் காட்டியவர் அமெரிக்கராகிய ரொபேட் வில்லியம்சு. இவர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரிலே 1886 இல் பிறந்தவர். நெல்லின் பெயர் தாங்கிய ஊரிற் பிறந்தவர் நெல்லின் தவிட்டிலுள்ள சத்தை உலகுக்கு ஆக்கி அளித்தமை வியப்புக்குரிய பொருத்தமே. இச்சத்தே தயமின் என்றும் விற்றமின் பீ ஒன்று என்றும் வழங்கப்படுவது.

இரண்டு ஆறுகளும் கூடிய இடம்

ஒருபுறம் விழிநோயின் இடத்தை அறிந்த ஐரோப்பிய மருத்துவம். மறுபுறம் உணவின் குறையை அறிந்த கீழைத்தேயத்து ஆராய்ச்சி. இவ்விரு ஆறுகளும் நெடுங்காலம் தத்தம் வழியே ஓடின. பெரிபெரி காலின் நரம்பையும் இதயத்தையும் பற்றியது. வேர்னிக்கே நோய் மூளையைப் பற்றியது. இரண்டும் ஒன்றெனக் கருத எவருக்கும் தோன்றவில்லை.

முதலிற் பாலமிட்டவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீற்றர்சு. தீட்டிய அரிசியுண்ட புறாக்கள் தலை பின்னோக்கி வளைய வீழ்ந்தன. சிறிதளவு தயமின் கொடுத்ததும் விரைவிலே எழுந்தன. அப்புறாக்களின் மூளையைப் பகுதி பகுதியாகச் சோதித்தபோது, மூளைத்தண்டிலே இலற்றிக்கமிலம் மிகுந்து தேங்கியிருந்தது. குளுக்கோசை எரித்து ஆற்றல் பெறும் தொழில் இடைவழியிலே தடைப்பட்டதன் அறிகுறி அது. கலம் அழியவில்லை, அதன் அடுப்பு அணைந்திருந்தது. உருவத்தில் ஊறு தோன்றுமுன்னரே தொழிலில் ஊறு தோன்றும் இந்நிலையைப் பீற்றர்சு உயிரிரசாயன ஊறு என 1931 இல் அழைத்தார். மருத்துவ சிந்தனையில் இஃது ஒரு திருப்புமுனை. அறுத்துப் பார்த்துக் காணும் ஊற்றையே நோயென்று கருதிவந்த மரபு, காணவியலாத ஊறும் உண்டு என்பதை இதனாற் கற்றது.

1940 இல் பொஸ்ரன் நகரத்து அலெக்சாண்டர் என்பார், மற்றை விற்றமின்களை நிறையக் கொடுத்துத் தயமினை மாத்திரம் நீக்கிப் புறாக்களை வளர்த்தார். அவற்றின் மூளையில், வேர்னிக்கே மனிதரிடம் கண்டவற்றை ஒத்த இரத்தப் புள்ளிகள் தோன்றின. வேர்னிக்கே நூல் வெளியிட்டு அப்பொழுது ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

மனிதரிடத்து இதனை ஐயத்திற்கிடமின்றி நாட்டியது போர். 1942 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. பல்லாயிரம் போர்வீரர் சாங்கி முகாமிற் கைதிகளாயினர். ரொட்டியும் இறைச்சியும் உண்டு பழகியவர்க்கு ஒரே நாளில் தீட்டிய அரிசியே உணவாயிற்று. வாரங்கள் சென்றன, வயிற்றுளைவு நோய் பரவிற்று. சிலர் பசியிழந்து, கண்ட உணவை வெறுத்து, வாந்தியெடுத்தனர். பின்னர் அவர்தம் விழிகள் பக்கம் நோக்குங்காற் படபடவெனத் துடித்தன. அதன்பின் விழிகள் வெளிப்புறம் திரும்பாது நின்றன. ஒரு பொருள் இரண்டாகத் தோன்றிற்று. ஈற்றில் அறிவு மயங்கிற்று. கைதிகளுக்கு வைத்தியஞ் செய்த, தாமும் கைதிகளாயிருந்த டீ வாடனர், லெனொக்சு என்னும் இருவரும் இத்தகைய 52 பேரைக் கண்டு குறிப்பெழுதினர். இறந்தோரின் மூளையில் வேர்னிக்கே கூறிய இடங்களிலேயே புள்ளிகள் இருந்தன. அம்முகாமிலே மது எங்கே? குடியினால் வருவதென்று ஐரோப்பிய நூல்கள் அறுபது ஆண்டு கூறிவந்த நோய், குடிக்க ஒரு துளியும் கிடையாத இடத்திலே, வெள்ளைச் சோற்றினால் வந்தது. தையற்பெண்ணின் சாட்சி ஈற்றில் ஏற்கப்பட்டது.

அவ்வைத்தியரிடம் தயமின் மிகச் சிறிதே இருந்தது. அதனை ஊசிமூலம் பெற்றோருக்கு விழியின் குறிகள் ஓரிரு நாட்களிலே நீங்கலாயின. யாருக்குக் கொடுப்பது, எப்பொழுது கொடுப்பது என்னும் கொடிய வினாவுக்கு விடை கூறும் கருவியாகவும் விழியே நின்றது. விழிநடுக்கம் தொடங்கியவுடன் மருந்து கொடுத்தாற் சிறு அளவே போதும்; காலந் தாழ்த்தின் பேரளவும் பயன்படாது போகலாம். காவலரின் கண்ணிற் படாதிருக்கத் தகரப்பெட்டியில் அடைத்துப் புதைத்து வைத்த குறிப்புகள் போரின்பின் மீட்கப்பட்டு, 1947 இல் இலண்டன் மருத்துவ ஏடொன்றிலே வெளிவந்தன.

ஐயத்தின் எஞ்சிய துளியையும் 1952 இல் பொஸ்ரனில் நடந்த ஆய்வொன்று நீக்கிற்று. வேர்னிக்கே நோயுற்றோருக்குத் தயமின் அறவே நீங்கிய உணவை முதலிற் கொடுத்தனர், விழித்தசைவாதம் நீங்கவில்லை. பிற விற்றமின்களைக் கொடுத்தும் பயனில்லை. தயமினைச் சேர்த்ததும் விழிகள் அசையலாயின. பூட்டுக்குரிய திறவுகோல் இன்னதென்பது தெளிந்தது.

மீளும் விழியும் மீளா நினைவும்

தயமின் கலத்தினுள்ளே நொதியங்கள் சிலவற்றின் துணைப்பொருளாய் நின்று குளுக்கோசை எரிக்க உதவுகின்றது. வயதுவந்தோர் உடலில் இது ஏறக்குறைய 30 மில்லிகிராமே சேர்ந்திருக்கும். நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சிறிது மேலாகத் தேவைப்படுதலால், உணவில் வரவு நின்றாற் சில வாரங்களில் இருப்புக் கரைந்துவிடும். ஓய்வின்றித் தொழில் செய்யும் நரம்புக் கருக்கள் இக்குறையை முன்னதாக உணர்கின்றன. விழியின் கருக்களும் சமநிலைக் கருக்களும் அத்தகையன.

இந்நோயின் வரலாற்றிலே சிந்திக்கத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. விழியின் கருக்களில் கலங்கள் பெரும்பாலும் அழிவதில்லை. தொழில் நிறுத்திக் கிடக்கின்றன. ஆகவே தயமின் கிடைத்ததும் அவை மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ மீளுகின்றன. பலருக்குச் சிறிதளவு விழிநடுக்கம் மாத்திரம் எஞ்சும். ஆனால், மூளையின் அடியிலுள்ள முலையுருப் புடைப்புகள் இரண்டும், மூன்றாம் அறையை அடுத்த தலமசுப் பகுதியும் அங்ஙனம் பொறுப்பதில்லை. அங்கே கலங்கள் அழிந்துபடுகின்றன. நினைவைப் பதிக்கும் ஆற்றல் அவற்றைச் சார்ந்தது. ஆதலின் விழி திருந்தி எழுந்தோருட் பலர் கொர்சக்கோவ் கூறிய மறதியோடு எஞ்சிய வாழ்நாளைக் கழிக்கின்றனர். 245 நோயாளரை ஆராய்ந்து விக்ரர், அடம்சு, கொலின்சு என்னும் மூவர் 1971 இல் வெளியிட்ட பெருநூல் இத்தொடர்பை விரிவாக விளக்கிற்று. விழி முன்னதாகக் கெடுகின்றது, முன்னதாக மீளுகின்றது. நினைவோ பின்னதாகக் கெட்டு, பெரும்பாலும் மீளாதொழிகின்றது. விழியின் குறி, நினைவைக் காக்க இன்னும் நேரமுண்டு என்று கூறும் தூதாகும்.

இத்தூது எப்பொழுதும் முழுமையாக வருவதில்லை என்பதையும் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. மேற்கு அவுஸ்திரேலியாவில் பிரேத பரிசோதனையில் இந்நோய் உறுதியான 131 பேரின் பதிவுகளை 1986 இல் ஆராய்ந்தபோது, விழிக்கேடு, தள்ளாட்டம், அறிவு மயக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்பட்டவர் 16 வீதத்தினரே. மூன்று குறிகளும் கூடும்வரை காத்திருந்த வைத்தியர் பலரை இழந்தனர் என்பது இதன் பொருள். ஐயம் எழுந்தவுடனேயே தயமினை நாளத்தின் வழியே கொடுத்தல் வேண்டும் என்பது இன்று நிலைபெற்ற நெறியாகும். பட்டினி கிடந்தவருக்குத் தயமினின்றிக் குளுக்கோசை மாத்திரம் ஏற்றினால், எஞ்சியிருந்த சிறிதளவு தயமினும் அதனை எரிப்பதிலே செலவாகி நோய் திடீரென வெளிப்படவுங் கூடும். குளுக்கோசுக்கு முன்னரோ அதனுடனேயோ தயமின் செல்லல் வேண்டும்.

மதுவை மாத்திரம் நோக்கும் பழைய வழக்கமும் முற்றாக ஒழியவில்லை. கருவுற்ற காலத்துத் தணியாத வாந்தி, உடற்பருமனைக் குறைக்க இரைப்பையிற் செய்யும் அறுவை, நெடுநாட் பட்டினி ஆகியவற்றாலும் இந்நோய் வருகின்றது. 2003 இல் இசுரேல் நாட்டிலே, ஒருவகைச் சோயாப் பால்மாவில் தயமின் இல்லாமற் போனதால், அதனையே உணவாகக் கொண்ட பச்சிளங் குழந்தைகள் நோயுற்றன, விழிகள் அசையாது நின்றன, சில இறந்தன. மது அருந்தா வயதினரிடத்தும் வேர்னிக்கேயின் நோய் அதே இடத்தைத் தாக்கிற்று. மறுபுறம், 1991 தொடக்கம் ரொட்டி மாவிலே தயமின் சேர்த்தல் வேண்டுமென அவுஸ்திரேலியா சட்டமியற்றியபின், அந்நாட்டிற் பிரேத பரிசோதனைகளிற் காணப்பட்ட இந்நோயின் அளவு குறைந்தது. அரிசித் தவிட்டின் பாடத்தை ஒரு நாடு தன் உணவிலே எழுதிக்கொண்டமைக்கு இஃது எடுத்துக்காட்டு.

முடிவுரை

வேர்னிக்கே 1905 இல் ஒரு விபத்தில் இறந்தார். தாம் கண்ட நோயின் காரணத்தை அவர் அறியவில்லை. ஆயினும் அவர் இறக்குமுன்னரே, பற்றேவியாவில் கிறைன்சு அதற்கு வேண்டிய கருத்தை வெளியிட்டிருந்தார். இரு உண்மைகளும் ஒரே காலத்தில் உலகில் இருந்தன. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும் கண் மாத்திரம் இருக்கவில்லை. மூளையை ஆராய்ந்தோர் சமையற்கூடத்தை நோக்கவில்லை. உணவை ஆராய்ந்தோர் விழியை நோக்கவில்லை. அவ்விடைவெளியிலே மாண்டோர் எத்துணையர் என எவரும் எண்ணிவைக்கவில்லை.

இரு விழிகளும் ஒருங்கே திரும்பினாலன்றி ஒரு பொருள் ஒன்றாகத் தோன்றாது என்று தொடக்கத்திற் கூறினோம். அறிவுத் துறைகளுக்கும் அஃதொக்கும். விலங்கியலும் இரசாயனமும் வரலாறும் தனித்தனி அறைகளிற் கற்பிக்கப்படினும், மாணாக்கர் அவற்றைத் தனித்தனியே மனத்திற் பூட்டி வைத்தலாகாது. தமக்கு ஒவ்வாத சான்றொன்று ஏட்டிலே காணப்படின் அதனை விதிவிலக்கென்று தள்ளாது, நின்று வினவுதல் வேண்டும். மூன்றாம் நோயாளராகிய தையற்பெண்ணை 1881 இலேயே ஒருவர் அங்ஙனம் வினவியிருப்பாராயின், சாங்கி முகாமிலே விழி நிலைத்துக் கிடந்தோருக்கு வேண்டிய அறிவு வெகு முன்னரே உலகுக்குக் கிட்டியிருக்கும்.